குடிவழியும் இரத்தக் கொதிப்பும்

"நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை" என்பது நம் நாட்டில் எழுத்தறியாதாரும் அறிந்த பழமொழி. தறிக்குப் பேர்பெற்ற அருப்புக்கோட்டையில் இதன் முற்பாதியை ஐயுறுவார் ஒருவரும் இலர். ஆயினும் அவ்வூர் நெசவாளர் ஒருவரை அணுகி வினவினால், அவர் மற்றொன்றுங் கூறுவர். நூல் எத்துணை நல்லதாயினும், பாவுக்கு இடுங் கஞ்சி பிழைத்தால் சேலை கெடும். நூல் சற்று நலிந்ததாயினும், கையும் கண்ணும் விழிப்பாயிருப்பின் சேலை தேறும் என்பதே அது. பழமொழி சொல்லாது விட்ட இம்மற்றைப் பாதியை, இரத்தக் கொதிப்பும் உடற்பருமனும் குடிவழியாக வருதலைப் பற்றி ஈண்டுச் சில கூறவேண்டும் என்பது எம் விருப்பம்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரையிலும், அதற்கு அப்பாலும் பரந்து கிடப்பது வானம் பார்த்த கரிசற் பூமி. ஐப்பசி கார்த்திகை மழை கண்மாயில் தங்கினால் ஓராண்டு வாழ்வு. தவறினால் ஓராண்டுத் துன்பம். இத்தகைய நிலத்து மக்கள் தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவற்றைப் பொறுத்துக்கொள்ளப் பழகியவர்கள். அப்பொறுமை பெருங்குணமே. ஆனால் பொறுக்க வேண்டாதவற்றையும் அவர்கள் பொறுத்துக்கொள்வதுண்டு. நாற்பத்தெட்டு வயதில் ஒருவர் பக்கவாதத்தில் வீழ்ந்தால், "அது எங்கள் வம்சவாகு" என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடுவர். மற்றொரு வீட்டாரோ, "எங்கள் வம்சத்தில் அந்நோய் இல்லை" என்று சொல்லி ஒருநாளும் கையை நீட்டி அளந்துபாரார். முன்னவர் குடிவழியை நம்பி அஞ்சுகின்றனர். பின்னவர் அதனையே நம்பி அஞ்சாதிருக்கின்றனர். இருவருங் கை கட்டியிருத்தலே முடிவு. குடிவழி என்பது தீர்ப்பு அன்று, முன்னறிவிப்பே என்பது எம் கருத்து. அதனை நாட்டுவதற்கு முன், யாம் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுவோம்.

எமக்குப் பழக்கமான நெசவாளர் குடும்பம் ஒன்றில் உடன்பிறந்தார் நால்வர்: மூத்தவர் இருவர் ஆடவர், மூன்றாமவர் பெண், இளையவர் ஆண். மூத்தவர் ஐம்பத்திரண்டாம் வயதில் தறிக்குழியிலேயே சாய்ந்து இறந்தார். இரண்டாமவர்க்கு நாற்பத்தொன்பதில் வலக்கையும் நாவும் ஒருசேர அடங்கின. இளையவரிடம் யாம் பன்முறை, "ஒருகால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பார்த்து வாருங்கள்" என்று வேண்டினோம். அவரோ, "பார்த்து என்ன ஆகப்போகிறது தம்பி? எங்கள் வீட்டில் ஐம்பதைத் தாண்டுவது அருமை. அன்றியும் மகளுக்குப் பேசிக்கொண்டிருக்கிற நேரம். கொதிப்புக்காரன் வீட்டுப் பெண் என்று ஊரிற் பேச்சுக் கிளம்பினால் யார் வந்து கட்டுவார்கள்?" என்றார். அவர் பேசிக்கொண்டிருந்ததோ, தம் சொந்த அக்காள் மகனுக்கு!

திருமண நாளைக் குறிப்பதற்காக அவர் திருச்சுழிப் பக்கத்திலுள்ள அக்காள் வீட்டுக்குச் சென்றபொழுது யாமும் உடன் சென்றிருந்தோம். திண்ணையிற் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையில், இல்லந்தோறும் மருந்து கொண்டுவரும் பெண் தன்னார்வலர் தம் பையுடன் வந்து சேர்ந்தார். அக்காள் முகங் கன்றி, "நாளைக்கு வாம்மா" என்று சைகை காட்டினார். அப்பெண் அதனை உணராராய், "அம்மா, போன மாதத்து மாத்திரை தீர்ந்திருக்குமே, கையை நீட்டுங்கள்" என்று கருவியைப் பிரித்துவிட்டார். அக்காள் நான்காண்டுகளாக மாத்திரை உண்டு வந்தது அப்பொழுதுதான் வெளிப்பட்டது. "உனக்குத் தெரிந்தால் பெண் கொடுக்க யோசிப்பாயே என்றுதான் மறைத்தேன் தம்பி" என்று அவர் கண்கலங்கினார். தம்பி நெடுநேரம் ஒன்றும் பேசிலர். பின்பு சட்டைக் கையை மடித்துத் தாமும் கையை நீட்டினார். கருவி 178க்கு 104 என்று காட்டியது. ஒரே தந்தையிடமிருந்து இருவர்க்கும் வந்த ஒன்றை, அக்காளுக்கு அஞ்சித் தம்பியும் தம்பிக்கு அஞ்சி அக்காளும் மறைத்து வைத்திருந்தனர். திருமணம் குறித்த நாளில் நடந்தேறியது. அவர் இன்று ஐம்பத்தெட்டு வயதினராய், நாள் தவறாது மருந்துண்டு தம் தறியில் அமர்ந்திருக்கின்றார்.

நிற்க. கொதிப்பு என்று நாம் வழங்கும் இதனுள் கொதிப்பது யாதும் இல்லை. இருதயம் சுருங்கி இரத்தத்தை உந்துங்கால் நாடிச் சுவரில் உண்டாகும் அழுத்தம் ஓர் எண். அது விரிந்து இளைப்பாறுங்கால் எஞ்சி நிற்கும் அழுத்தம் மற்றோர் எண். 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரொச்சி என்பார் கைப்பட்டியும் பாதரசக் குழாயுங்கொண்டு முதலெண்ணை எளிதில் அளக்க வழி கண்டார். 1905இல் உருசிய மருத்துவர் கொரோட்கோவ் நாடியின் ஓசையைக் கேட்டு இரண்டெண்ணையும் அளக்குமாறு காட்டினார். பலமுறை அளந்தும் 140க்கு 90 என்னும் அளவிற் குறையாது நின்றால் அதனை உயர் அழுத்தம் என்பர். நோவின்மையே இந்நோயின் கொடுமை. தலைவலியும் மயக்கமும் வந்த பின்பு பார்ப்போம் என்று காத்திருப்பவர்க்கு, முதல் அறிகுறி பக்கவாதமாகவே வந்துவிடுதலும் உண்டு.

இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். எவ்வாறு தொடர்கின்றது என்பதிலேதான் பெருவழக்கு எழுந்தது. மாஞ்செஸ்டர் நகரத்துப் பேராசிரியர் இராபர்ட்டு பிளாட்டு என்பார் 1947இல், ஒரு தனிப்பட்ட பரம்பரைக் கூறே இதற்குக் காரணம் என்றும், ஆதலின் மக்கள் கொதிப்புடையோர் இல்லோர் என இரு பிரிவினராவர் என்றுங் கருதினார். இலண்டனில் இருந்த ஜார்ஜு பிக்கரிங்கு என்பார் 1950களில் இதனை மறுத்தார். உயரம் எவ்வாறு குட்டை நெட்டை என இரண்டாக மட்டும் அமையாது படிப்படியாய் ஏறுகின்றதோ, அவ்வாறே அழுத்தமும் படிப்படியாய் ஏறுவது. பல சிறு கூறுகள் சேர்ந்தே அதனை ஆக்குகின்றன என்பது அவர் கொள்கை. இருவரும் பல்லாண்டு வழக்காடினர். முடிவில் பிக்கரிங்கு கூறியதே பெரும்பான்மைக்கும் பொருந்துவதாயிற்று. 2018இல் பத்து இலக்கத்துக்கு மேற்பட்ட மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்ட பெருநூலாராய்ச்சி ஒன்று, இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய இடங்கள் 901 உள என்று கணக்கிட்டது. ஒவ்வொன்றின் ஆற்றலும் மிகச் சிறிது. சிறுதுளி பலவாய்ச் சேர்ந்தே கண்மாய் நிரம்புகின்றது. ஒரே மரபணுவின் பழுதால் அழுத்தம் மீறும் குடும்பங்களும் உலகில் உள. 1963இல் லிடில் என்னும் அமெரிக்க மருத்துவர் அத்தகைய ஒன்றை விளக்கினார். ஆயினும் அவை மிக அரியன.

உடல் எடையின் வரலாறும் இதுவே. 1986இல் ஸ்டங்கார்டு என்பாரும் அவர் துணைவரும், டென்மார்க்கு நாட்டில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்த 540 பேரை ஆராய்ந்தனர். அவர்தம் பருமனும் மெலிவும் பெற்றோரை ஒத்திருந்தனவேயன்றி, சோறூட்டி வளர்த்தோரை ஒத்திருக்கவில்லை. 1994இல் நியூயார்க்கில் பிரீடுமன் என்பார், கொழுப்பிலிருந்து புறப்பட்டு மூளைக்கு "வயிறு நிறைந்தது" என்று செய்தி சொல்லும் லெப்டின் என்னும் பொருளின் மரபணுவைக் கண்டறிந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1997இல், நெருங்கிய உறவிற் பிறந்த இரு குழந்தைகளை இங்கிலாந்து மருத்துவர் விளக்கினர். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோகிராமும், அவள் உறவினனான இரண்டு வயதுச் சிறுவன் 29 கிலோகிராமும் இருந்தனர். இருவர்க்கும் அப்பொருள் உடலில் ஊறாமையே காரணம். அதனை ஊசி வழியே செலுத்தியபின் அச்சிறுமியின் அடங்காப் பசி அடங்கி எடையுங் குறைந்தது. அதுகாறும் அக்குழந்தையைப் பெருந்தீனிக்காரி என்று எத்துணைப் பேர் ஏசியிருப்பர்! பருத்தவரைக் கண்டு நகைப்பதை நம் வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் ஒழிப்பதற்கு இவ்வொன்றே போதிய காரணமாகும்.

ஆகவே குடிவழி உண்மை. அதனை மறுப்பார் அறிவியலை மறுப்பாராவர். இரட்டைப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் ஆராய்ந்தோர், இரத்த அழுத்தத்தில் ஆளுக்காள் காணும் வேற்றுமையில் நூற்றுக்கு 30 முதல் 50 வரையிலும், உடற்பருமனில் 40 முதல் 70 வரையிலும் பிறப்புவழி வந்தது என மதிப்பிடுகின்றனர். இவ்வெண்களைக் கேட்டவுடன், "பாதிக்கு மேல் விதி, நம்மால் ஆவது யாது?" என்று சோர்வோர் பலர். அவர்கள் அவ்வெண்ணின் பொருளைப் பிழைபட உணர்ந்தோராவர்.

ஒருவர்க்கு ஏறிய அழுத்தத்திற் பாதி தந்தையாலும் பாதி உப்பாலும் ஏறிற்று என்பது அவ்வெண்ணின் பொருளன்று. ஒரு மக்கட்கூட்டத்துள் ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் உள்ள வேறுபாட்டில் எத்துணைப் பங்கு பிறப்பின் வேறுபாட்டைத் தொடர்ந்தது என்பதையே அது கூறும். ஓர் ஊரார் அனைவரும் ஒரே அளவாக உப்பை மிகுத்துண்பராயின், அவ்வூரில் ஒருவரிடமிருந்து மற்றவரைப் பிரித்துக் காட்டுவது பிறப்பே என்று தோன்றும். எல்லார்க்கும் பொதுவான உப்பின் குற்றம் கணக்கில் மறைந்துபோகும். மழை பெய்யாத ஆண்டில் எல்லா வயலுங் காய்ந்து கிடக்க, அவற்றுள் சற்றே பசிய வயலைக் காட்டி, "விளைவுக்குக் காரணம் விதையே" என்று வாதிப்பதை ஒக்கும் இது.

இதனை ஊர் மாற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். 1988இல் வெளியான இன்டர்சால்ட்டு என்னும் ஆராய்ச்சி, உலகின் 52 இடங்களில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களை ஆராய்ந்தது. பிரேசில் நாட்டுக் காடுகளில் உப்பின் வழக்கமே அறியாத யானோமாமி மக்களிடையே அழுத்தம் மிகத் தாழ்ந்திருந்ததோடு, முதுமையிலும் ஏறவில்லை. அவர்களுள்ளும் தந்தையரும் மைந்தரும் உளர்; மரபணுக்களும் உள. ஆனால் அவற்றை எழுப்பிவிடும் உணவு இல்லை.

நம் நாட்டிலேயே இதனினும் தெளிவான சான்று உண்டு. இலக்னோ, நாகபுரி, ஐதராபாது, பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களிலும், சிற்றூர்களிலிருந்து வந்து தொழிற்சாலைகளில் உழைப்போரையும், சொந்த ஊரிலேயே தங்கிவிட்ட அவர்தம் உடன்பிறந்தாரையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து 2010இல் முடிவு வெளியிட்டனர். ஊரில் தங்கிய ஆடவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர் பருத்தோர். நகருக்குச் சென்றோருள் 38 பேர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே குடிவழியினர். ஆயினும் ஊர் மாறிய சில ஆண்டுகளில் தொகை இருமடங்காயிற்று. மரபணு இரயிலேறும்பொழுது மாறுவதில்லை. உணவும் உழைப்புமே மாறுகின்றன. இவ்வாண்டு நம் கல்லூரியை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் செல்லவிருக்கும் மாணவர் இதனை நெஞ்சில் எழுதி வைப்பாராக.

குடிவழியின் ஆற்றலையும் உணவின் ஆற்றலையும் அருகருகே நிறுத்தி அளத்தலுங் கூடும். மேற்கூறிய 2018ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், பிறப்பால் மிகுதியான கூறுகளைப் பெற்றோர்க்கும் மிகக் குறைந்த கூறுகளைப் பெற்றோர்க்கும் இடையே காணப்பட்ட வேறுபாடு, மேலெண்ணிற் பத்து மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்டது. 2001இல் அமெரிக்காவில் 412 பேர்க்கு உணவளித்து நடத்திய டாஷ் சோதனையிலோ, காயும் கனியும் கொழுப்பகற்றிய பாலும் மிகுத்து உப்பைக் குறைத்தபொழுது, கொதிப்புடையோர்க்கு மேலெண் 11.5 மில்லிமீட்டர் தாழ்ந்தது. பாட்டன் தந்ததை உலைப்பானை ஏறக்குறைய ஈடு செய்துவிடுகின்றது! உடற்பருமனுக்கும் இவ்வுண்மை பொருந்தும். 2007இல் கண்டறிந்த எப்.டி.ஓ. என்னும் மரபணுவின் ஒரு வடிவத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் அடைந்தவர், அடையாதவரினும் சராசரி மூன்று கிலோகிராம் மிகுந்திருந்தனர். உடலுழைப்பு உடையோரிடம் அதன் ஆற்றல் நான்கிலொரு பங்குக்கு மேல் தணிகின்றது என்று 2011இல் கண்டனர். சென்னையில் 2016இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றும் இம்மரபணுவின் தீங்கு உழைப்பின்றி இருப்போரிடமே மேலிட்டு நிற்றலைக் காட்டியது.

இனி, நம் கரிசற் சீமையின் நிலையை நோக்குவோம். இங்கு முன்னோர் உண்டவை கம்பும் சோளமும் குதிரைவாலியும் வரகும். தொட்டுக்கொண்டவை வெங்காயமும் மோர்மிளகாயும் ஊறுகாயும் கருவாடும். உப்பு அன்றும் மிகுதியே. ஆனால் வெயிலில் ஏர் பிடித்தவரும் கமலை இறைத்தவரும் வியர்வையாக உப்பைச் சிந்தினர். இன்று கம்பு போய் அரிசி வந்தது. கைத்தறி குறைந்து விசைத்தறி பெருகியது. உழுத நிலம் பலவிடத்துச் சீமைக்கருவேலங் காடாயிற்று. உழைப்பு மாறியும் உப்பிடுங் கை மாறவில்லை. சாத்தூர்க் காராச்சேவும் விருதுநகர்ப் பொரித்த பரோட்டாவும் விருந்துநாட் பண்டமாயிருந்த நிலை மாறி மாலைதோறும் வேண்டுவனவாயின. நாளொன்றுக்கு ஒருவர்க்கு 5 கிராம் உப்பே மேலெல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நம் நாட்டாரோ சராசரி 8 கிராம் உண்பதாக நாடளாவிய ஆய்வொன்று 2023இல் தெரிவித்தது. ஒரு வீட்டில் மரபணு மட்டுமா வழிவழி வருகின்றது? பாட்டியின் உப்புச்சுவையும் மருமகள் கைக்கு வந்து சேர்கின்றது. "எங்கள் வீட்டுக் குழம்பு" என்று நாம் பெருமை பேசுவதும் ஒரு பரம்பரைச் சொத்தே. அச்சொத்தை மாற்றுதல் நம் கையில் உளது.

"ஒல்லியான உடம்புக்குக் கொதிப்பு வாராது" என்பதும் இப்பக்கத்தார் நம்பிக்கைகளுள் ஒன்று. மெலிந்த தோற்றம் எமாற்றும். பூனாவில் யாஜ்னிக் என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் ஆராய்ந்ததில், அப்பகுதிச் சிற்றூர்க் குழந்தைகள் பிறக்கும்பொழுது சராசரி 2.7 கிலோகிராமும், இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரக் குழந்தைகள் 3.5 கிலோகிராமும் இருந்தனர். நம் குழந்தைகளுக்குத் தசை குறைந்திருந்ததேயன்றித் தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிவினுள் மறைந்த கொழுப்பு இது. ஆதலின், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் மேனாட்டார்க்கு 25 வரை குற்றமில்லை எனினும், இந்தியர்க்கு 23இலேயே எச்சரிக்கை வேண்டும் என்று நம் மருத்துவர் 2009இல் வரையறுத்தனர். இடுப்பளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் மேலெல்லை. ஒரு முழக்கயிறு கொண்டே இதனை வீட்டில் அறியலாம்.

இம்மறைந்த கொழுப்பு பஞ்சத்தின் எச்சமோ என்று வினவுவோரும் உளர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் சீமை எளிதில் மறவாது. பஞ்சத்தில் பிழைத்தோர், கிடைத்ததைச் சேமித்து வைக்கும் உடலைத் தம் சந்ததியார்க்குத் தந்தனர் என்று 1962இல் நீல் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். கேட்பதற்கு இனிதாயினும் அஃது இன்றும் மெய்ப்பிக்கப்படாத கருத்தே. ஆனால் தாயின் பட்டினி வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் என்பது மெய். 1944-45ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் ஆலந்து நாட்டில் பஞ்சம் நேர்ந்தபொழுது கருவிலிருந்தோர் பலர், வளர்ந்தபின் சருக்கரை செரியாமை முதலியவற்றால் வருந்தினர். மைசூரில் மிஷனரிமார் நிறுவிய ஹோல்ட்ஸ்வொர்த்து மருத்துவமனையில் 1934 முதல் குழந்தைகளின் பிறப்பு எடையைக் குறித்து வைத்திருந்தனர். அக்குறிப்பேடுகளைக் கொண்டு ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரை, எடை குன்றிப் பிறந்தோர்க்குப் பிற்காலத்தில் இருதய நோய் மிகுதல் கண்டது. கருவுற்ற பெண்ணுக்கு இடும் ஒரு பிடி நல்லுணவு, ஐம்பதாண்டு கழித்து நேரும் நோயைத் தடுக்கும் மருந்தாகலாம். நம் வீடுகளில் மருமகள் இறுதியில் உண்ணும் வழக்கத்தை இதனோடு சேர்த்து எண்ணுக.

மணவுறவு பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் மணமான பெண்டிருள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் இரத்த உறவிலேயே மணந்தோர் என்று 2019-21ஆம் ஆண்டுக் குடும்பநல ஆய்வு கூறுகின்றது. மாமன் மகளை மணப்போர், பிறப்புக் கூறுகளில் எட்டிலொரு பங்கும், அக்காள் மகளை மணப்போர் நான்கிலொரு பங்கும் ஒத்தவராவர். பெற்றோர் இருவரும் சுமந்தாலன்றி வெளிப்படாத அரிய நோய்கள் இத்தகைய மணத்தில் மிகுதியாக வெளிப்படும். மேற்கூறிய லெப்டின் குழந்தைகளே அதற்குச் சான்று. இரத்தக் கொதிப்போ அவ்வகைத்தன்று. அது பல்கூறுகளின் தொகுதி. ஆயினும் உறவில் மணந்தோர் வீட்டில் தந்தை வழியும் தாய் வழியும் ஒன்றே. ஒரு வழி நோயை மறுவழி தணிக்கும் என்று நம்ப இடமில்லை. யாம் கூறிய அந்நெசவாளர் மகளும் மருமகனும் தமக்குப் பிறக்கும் மக்களை இளமையிலேயே அளந்து பார்த்தல் வேண்டும்.

இங்கு ஒரு தடை எழும். "குடும்ப நோயை வெளிப்படச் சொன்னால் பெண்ணுக்கு மணம் தடைபடாதோ?" என்பர். அத்துன்பத்தை யாம் கண்ணாரக் கண்டோம்; ஆதலின் எளிதாகத் தள்ளோம். ஆயினும் 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, இந்நாட்டில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 35.5 பேர் உயர் அழுத்தம் உடையோர் என்று காட்டியது. மூவருள் ஒருவர்க்கு உள்ள ஒன்றைக் குற்றமாகக் கொண்டு பெண்ணைத் தள்ளுவார், கொள்வதற்கு ஒரு வீடும் காணார். தம் வீட்டையே முதலில் தள்ளவேண்டி வரும். பத்துப் பொருத்தம் பார்ப்போர் பதினொன்றாவதாக இதனைக் கேட்டறிதல் நன்று. விலக்குவதற்காக அன்று, காப்பதற்காக.

மற்றொரு தடை, "ஏழைகள் நாள்தோறும் மருந்துக்கு எங்கே போவர்?" என்பது. அரசினர் மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இம்மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்னுந் திட்டத்தால் வீட்டு வாயிலுக்கே வந்தும் சேர்கின்றது. வாயிலில் வந்து நிற்பவரை "நாளைக்கு வா" என்னும் நாணமே இன்று எஞ்சியுள்ள வறுமை.

மாணவர் செய்யத்தக்கன சில. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், பெற்றோர், உடன்பிறந்தார், சிற்றப்பன்மார், அத்தைமார், மாமன்மார் அனைவரையும் ஒருகால் அளந்து பார்க்கச் செய்யுங்கள். பதினெட்டு நிரம்பிய நீங்களும் ஆண்டுக்கொருமுறை அளந்துகொள்ளுங்கள். யாருக்கு எவ்வயதில் எந்நோய் வந்தது, யார் எவ்வயதில் எதனால் இறந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, நிலப்பத்திரமுஞ் சாதகமும் வைத்திருக்குங் கட்டிலேயே அதனையும் வையுங்கள். மருத்துவரிடம் செல்லும்பொழுது எடுத்துச் செல்லுங்கள். ஒரு வீட்டில் ஒருவர்க்கு நோய் தெரிந்தால், அது மற்றையோர் அனைவர்க்கும் வந்த ஓலை என்று கொள்ளுங்கள். எண் தாழ்ந்ததும் மருந்தை நிறுத்துதலும், அக்காள் மாத்திரையைத் தம்பி வாங்கி விழுங்குதலும் ஆகா. நோய் ஒன்றாயினும் மருந்து ஆளுக்காள் வேறுபடும். வெயிலில் உழைப்போரும் சிறுநீரக நோயுடையோரும் உப்பின் அளவை மருத்துவரைக் கேட்டே அமைத்துக்கொள்க.

நெசவில் பாவு என்பது நீள ஓடும் நூல். தறியில் ஏற்றியபின் அதனை மாற்ற இயலாது. ஊடை என்பது குறுக்கே ஓடும் நூல். நாடாவை எறியுந்தோறும் அது நெசவாளர் கையில் உளது. பாவும் ஊடையும் சேர்ந்ததே சேலை. முன்னோர் ஏற்றித் தந்த பாவை நாம் தெரிந்து கொள்ளவில்லை, தள்ளவும் இயலாது. ஆனால் அதனிற் புரை எங்குளது என்று முன்னரே கண்டு, அவ்விடத்தில் மெல்ல நெய்தல் நம் கடன். அம்மூத்த நெசவாளர் ஐம்பத்திரண்டில் மாண்டதற்கும், அவர் இளவல் ஐம்பத்தெட்டிலும் தறியில் அமர்ந்திருப்பதற்கும் இடையே நூல் வேறுபாடு யாதும் இல்லை. திண்ணையில் ஒருநாள் கையை நீட்டியதே வேறுபாடு.